தம்பியின் மனநல சிகிச்சைக் காகிதங்கள்: ஆபீசுக்கு எது, இன்சூரன்சுக்கு எது, அடுத்த டாக்டருக்கு எது?

கேள்வி: அல்சூர்க்காரன்

தம்பி ஒயிட்ஃபீல்டில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான். பெங்களூரில் பல துறைகளும் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், மனநலப் பிரிவில் 9 நாள் உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டான். பைபோலார் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து ஒழுங்காகப் போகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். நான்கு விஷயத்தில் தெளிவு தேவை.

முதலாவது, லீவ் போர்ட்டலில் டிஸ்சார்ஜ் சம்மரியை அப்லோட் செய்யச் சொல்லி ஹெச்ஆர் மெயில் அனுப்பியிருக்கிறது. அந்த போர்ட்டலை மேனேஜரும் டீம் லீடும் திறந்து பார்க்க முடியும். இரண்டாவது, பில்லைக் கையில் கட்டிவிட்டோம். கம்பெனி குரூப் மெடிக்ளெய்மில் ரீஇம்பர்ஸ்மென்ட் போட வேண்டும். "ஃபைலை எங்களிடம் கொடுங்கள், நாங்களே அனுப்பிவிடுகிறோம்" என்கிறார்கள். மூன்றாவது, அப்பா அம்மா சென்னையில் இருப்பதால் மேற்கொண்டு அங்கேதான் பார்க்கப் போகிறோம். சென்னை டாக்டர் முழு ஃபைல் கேட்கிறார். மருத்துவமனைப் பதிவறையில் பேஷண்ட் நேரில் வந்தால்தான் தருவோம் என்கிறார்கள். நான்காவது, அட்மிஷன் கவுன்டரில் ஆபா (ABHA, அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாளம்) நம்பர் ஒன்று உருவாக்கிவிட்டார்கள், என் மொபைலில் ஓடிபி வாங்கி. கம்பெனியின் வெல்னஸ் ஆப்பும் "ஆபாவை இணைக்கவும்" என்று கேட்கிறது. இணைத்தால் யார் யார் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

மறைத்து ஏமாற்றும் எண்ணம் இல்லை. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று தம்பி நினைக்கிறான்.

பதில் 1: பதிவறை மேசை

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

நேரில் வந்தால்தான் தருவோம் என்பது அந்த மருத்துவமனையின் வழக்கமாக இருக்கலாம், விதி அப்படி இல்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளில், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று இருக்கிறது. 2023இல் புதிய விதிமுறைகள் அறிவிக்கப்பட்டு அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. எனவே 2002 விதிமுறைதான் நடப்பில் உள்ளது.

மனுவை வெள்ளைத்தாளில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதலாம். தம்பியின் பெயர், யுஹெச்ஐடி எண் (மருத்துவமனை தரும் நோயாளி எண்), ஐபி எண் (உள்நோயாளி எண்), அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி, உங்கள் பெயர், உறவு எல்லாம் வேண்டும். தம்பியின் கையெழுத்து, இருவரின் அடையாள அட்டை நகல் இணைக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

"எல்லா ரெக்கார்டும் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியை மறுபடி பிரின்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: அட்மிஷன் நாளில் எழுதிய மதிப்பீடு, தினசரி டாக்டர் குறிப்பு, மருந்து சார்ட், ரத்தப் பரிசோதனை, இசிஜி, வேறு துறை டாக்டர்கள் வந்து பார்த்திருந்தால் அவர்களின் குறிப்பு, ஈசிடி (மின் அதிர்வு சிகிச்சை) கொடுத்திருந்தால் அதன் தாள்.

தாமதம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட் உடனே அலமாரிக்குப் போகாது. டாக்டர் கையெழுத்து விடுபட்டது, நர்சிங் சார்ட்டில் நேரம் எழுதாதது என்று பார்த்து வார்டுக்கே திருப்பி அனுப்புவோம். அந்த நேரத்தில் கேட்டால் "ஃபைல் இல்லை" என்று பதில் வரும்; ஃபைல் தொலையவில்லை, வார்டில் இருக்கும். இன்னொன்று கையெழுத்து. நோய் கடுமையாக இருந்த நாளில் போட்ட கையெழுத்தும் இப்போது போடுவதும் ஒத்துப்போகாது. அதைக் காரணம் காட்டினால், அடையாள அட்டையில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

உள்நோயாளிப் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு. ஆகவே முழுப் பிரதியை இப்போதே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. அரசு நிறுவனமாக இருந்திருந்தால் ஆர்டிஐ மனுவிலும் தன் சொந்தப் பதிவைக் கேட்டிருக்கலாம். தனியாருக்கு அந்த வழி இல்லை.

பதில் 2: ராஜாஜிநகர் வாசி

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? தெரிந்த குடும்ப டாக்டரிடம் டைஃபாய்டு என்று ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பதில் 3: மனநல மருத்துவர்

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து செயல்படுத்த வேண்டாம். பொய்ச் சான்றிதழ் கொடுப்பது மருத்துவரின் பதிவையே பறிக்கக்கூடிய குற்றம். அதைவிட முக்கியம், அது உங்கள் தம்பியைத்தான் அடிக்கும். அதே 9 நாளுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் மனநலப் பிரிவிலிருந்து போகும். லீவுக் காகிதத்தில் டைஃபாய்டு, கிளெய்மில் பைபோலார் என்று இரண்டும் ஒரே கம்பெனியின் பதிவில் நின்றால், நோயை வெளியில் சொல்லாததைக் குற்றமாக்க முடியாத கம்பெனிக்கு, போலிச் சான்றிதழ் என்ற காரணம் சுலபமாகக் கிடைத்துவிடும். சொல்லாமல் இருப்பது அவர் உரிமை. பொய் சொல்வது வேறு விஷயம்.

லீவுக்குத் தேவை இரண்டே தகவல்: எந்த நாள் முதல் எந்த நாள் வரை வேலைக்கு வர இயலாத நிலை, எப்போதிலிருந்து வரலாம். இதை நோயின் பெயர் இல்லாமலே எழுதலாம். இப்படி:

"இன்னார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இம்மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றார். அதன்பின் இந்தத் தேதி வரை ஓய்வு தேவைப்பட்டது. இன்று பரிசோதித்ததில், இந்தத் தேதி முதல் பணிக்குத் திரும்பத் தகுதியுடன் இருக்கிறார். அடுத்த மூன்று மாதம் இரவு ஷிப்ட் தவிர்க்கப்பட வேண்டும்."

கடைசி வாக்கியத்தை ஒப்புக்குச் சேர்க்கவில்லை. பைபோலாரில் தூக்கம் கெட்டால் மறுபடி எபிசோட் வரும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் டீமாக இருந்தால் இந்த ஒரு வரிதான் அவருக்கு உண்மையான பாதுகாப்பு. காரணம் எழுதாமல் கட்டுப்பாட்டை மட்டும் எழுதுவது முறையானதே. எத்தனை மாதம் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

2002 விதிமுறைகளின் பின்னிணைப்பில் உள்ள மாதிரிச் சான்றிதழில் நோயின் பெயருக்கு ஒரு காலியிடம் இருக்கிறது என்று சில டாக்டர்கள் தயங்குவார்கள். அது மாதிரிப் படிவம். நோயாளி கேட்டுக்கொண்டால் "மருத்துவச் சிகிச்சையில் இருந்தார்" என்று எழுதுவதில் பொய் எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியது லெட்டர்ஹெட். மேலே எம்.டி. சைக்கியாட்ரி என்று அச்சாகியிருந்தால் உள்ளே எவ்வளவு பொதுவாக எழுதினாலும் பயனில்லை. பல துறை மருத்துவமனை என்பதால் உங்களுக்கு வசதி இருக்கிறது. மருத்துவமனையின் பொது லெட்டர்ஹெட்டில், மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துடன் உள்நோயாளிச் சான்றிதழ் கேளுங்கள். கையெழுத்திடுபவரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஹெச்ஆர் திருப்பி அனுப்பும். வார்டு பெயர், டிபார்ட்மென்ட் கோட், கீழே சிறிய எழுத்தில் அச்சாகும் கன்சல்டன்ட் பெயர் இவற்றையும் பாருங்கள். கம்ப்யூட்டர் டெம்ப்ளேட்டில் இவை தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

மாறாக, சென்னை டாக்டருக்குக் கொடுப்பதில் எதையும் குறைக்காதீர்கள். எந்த மருந்து, எந்த டோஸ், எந்தத் தேதியில் ஏறியது, எதை ஏன் நிறுத்தினார்கள் என்பது மருந்து சார்ட்டில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி நாள் மருந்து மட்டும் இருக்கும். லித்தியம் (பைபோலாருக்கான மருந்து) கொடுத்திருந்தால் ரத்த அளவு, அதை எடுத்த தேதி, கடைசி மாத்திரைக்கு எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள் என்பது, தைராய்டு, கிரியாட்டினின் எல்லாம் வேண்டும். சுமார் 12 மணி நேரம் கழித்து எடுத்த அளவைத்தான் ஒப்பிட முடியும். இந்த விவரம் இல்லாமல் போனால் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். மேற்சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தகவல் தருவதை மனநலச் சட்டமே அனுமதிக்கிறது.

பதில் 4: கிளெய்ம் மேசை

இன்சூரன்ஸ் பக்கம்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. லீவ் போர்ட்டலில் கவனமாக இருந்துவிட்டு, கிளெய்ம் ஃபைலை அப்படியே ஹெச்ஆர் மேசையில் வைத்துவிடுவார்கள்.

இன்சூரரிடம் நோயின் பெயரை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி பில், அதன் விவரப் பட்டியல், பரிசோதனை ரிப்போர்ட், மருந்து பில்லும் அதற்கான சீட்டும், கேன்சல் செய்த செக், கிளெய்ம் படிவத்தின் இரண்டு பகுதிகள், தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் கேஒய்சி காகிதங்கள் எல்லாம் கேட்பார்கள். ஆனால் இவை ஹெச்ஆர் கை வழியாகப் போக வேண்டிய அவசியம் கிடையாது. குரூப் பாலிசிக்கு டிபிஏவின் (இன்சூரருக்காக கிளெய்மைக் கையாளும் நிறுவனம்) போர்ட்டலோ ஆப்போ இருக்கும். ஊழியர் எண்ணை வைத்துத் தம்பியே லாகின் செய்து நேராக அப்லோட் செய்யலாம். ஒரிஜினல் கேட்டால் டிபிஏ அலுவலக முகவரிக்குக் கூரியரில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கெடு பாலிசிக்குப் பாலிசி மாறும். டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து நாள் எண்ணுவார்கள், எனவே பாலிசித் தாளை இன்றே பாருங்கள்.

லாகினில் உள்ள மெயில் முகவரி பெரும்பாலும் கம்பெனி மெயிலாகத்தான் இருக்கும். அதைச் சொந்த மெயிலுக்கும் சொந்த மொபைலுக்கும் மாற்றிவிட்டுத்தான் அப்லோட் செய்ய வேண்டும். இல்லையென்றால் "உங்கள் கிளெய்மில் கூடுதல் விளக்கம் தேவை" என்ற மெயில் நோயின் பெயரோடு கம்பெனி சர்வரில் வந்து விழும். கம்பெனி லேப்டாப்பில் அந்த பிடிஎஃப்களைத் திறக்கவே வேண்டாம்.

பெரிய ஓட்டை கிளெய்ம் எம்ஐஎஸ் என்ற அறிக்கை. குரூப் பாலிசி எடுத்த கம்பெனிக்கு டிபிஏயோ புரோக்கரோ அவ்வப்போது ஒரு எக்ஸெல் அனுப்புவார்கள். ஊழியர் எண், பெயர், உறவு, மருத்துவமனை, நோய், கேட்ட தொகை, கொடுத்த தொகை என்று ஒவ்வொன்றும் தனி நெடுவரிசையில் இருக்கும். அடுத்த ஆண்டு பிரீமியம் பேச கம்பெனிக்கு மொத்தக் கணக்கு தேவைதான். பெயருக்கு நேரே நோய் தேவையில்லை. ஆனால் பல இடங்களில் இரண்டும் ஒரே தாளில்தான் போகிறது. சில ஷீட்டில் நோய்க்குப் பதில் ஐசிடி கோட் (நோய்களுக்கான சர்வதேசக் குறியீடு) மட்டும் இருக்கும். எஃப் என்று தொடங்கும் கோட் எல்லாம் மனநலம் சார்ந்தவை என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே கோட் போட்டதால் மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிளெய்ம் போடும் முன்பே இன்சூரரின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் டிபிஏவுக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள்: "என் கிளெய்மின் நோய் விவரத்தை பாலிசி எடுத்தவருக்கு அனுப்பும் எந்த அறிக்கையிலும் என் பெயரோடும் ஊழியர் எண்ணோடும் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை." மெயில் போய்விட்டால் நிச்சயம் நீக்கிவிடுவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எழுத்தில் இருந்தால் பிறகு கேட்க வழி உண்டு.

தம்பிக்குத் தனியாக எடுத்த பாலிசி இருந்தால் அதில் போடுவதே நல்லது. அங்கே கம்பெனி நடுவில் வராது.

இன்னொன்று. மனநலக் கிளெய்மில் "இன்டோர் கேஸ் பேப்பர் முழுவதும் தேவை" என்று, அதாவது உள்நோயாளியாக இருந்தபோது எழுதிய குறிப்புகள் அனைத்தையும், கேட்பது உண்டு. அந்தத் தாள்களில் நோயாளி சொன்னது மட்டுமல்ல, வீட்டார் சொன்னதும் இருக்கும்: கல்யாணப் பேச்சு, கடன், குடிப் பழக்கம், அண்ணன் தம்பி சண்டை வரை. உடனே கட்டோடு அனுப்பிவிடாதீர்கள். எந்தக் கேள்விக்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். "அட்மிஷன் தேவைதானா", "நோய் எப்போது தொடங்கியது" என்ற இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு டாக்டரின் ஒரு பக்க விளக்கக் கடிதத்தை முதலில் கொடுத்துப் பாருங்கள். பல கிளெய்ம் அதிலேயே முடிந்துவிடும்.

மனநோய் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரித்தால் 2017 மனநலச் சட்டத்தின் 21(4) பிரிவைக் காட்டுங்கள். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே இதற்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. இன்சூரர் குறைதீர்ப்பு அதிகாரி ஒரு மாதத்தில் சரியான பதில் தராவிட்டால் அடுத்தது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி). பெங்களூருக்கான அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அல்சூர்க்காரன்

மிக்க நன்றி. கம்பெனிக்குப் பொதுச் சான்றிதழ் தருவதாகத் தம்பி மெயில் போட்டான். "பாலிசிப்படி டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம்" என்று பதில் வந்துவிட்டது. சட்டப்படி அவர்கள் கேட்கலாமா? பதிவறையில் இன்னொன்று சொன்னார்கள்: மனநலப் பதிவு என்பதால் "நாமினேட்டட் ரெப்ரசென்டேட்டிவ்" (மனநலச் சட்டப்படி நோயாளிக்காக நியமிக்கப்பட்ட பிரதிநிதி) நானா என்று கேட்கிறார்கள்.

பதில் 5: வழக்குரைஞர், சிவாஜிநகர்

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அட்மிஷன் படிவத்தில் 2017 மனநலச் சட்டத்தின் பிரிவு 86 என்று இருக்கிறதா, 89 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 86 என்றால் தம்பி தன் விருப்பத்தில் சேர்ந்தார். அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமே போதும். 89 என்றால் அவருக்காக ஒரு பிரதிநிதி விண்ணப்பித்திருப்பார். அந்தப் பெயர் உங்களுடையதா, அப்பாவுடையதா என்பது ஃபைலிலேயே இருக்கும். இப்போது புதிதாக உங்களை நியமிக்க வேண்டுமானாலும் கடினமில்லை. 14ஆம் பிரிவுப்படி வெள்ளைத்தாளில் எழுதித் தம்பி கையெழுத்திட்டால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பிரதிநிதி என்பதாலேயே எல்லாத் தகவலும் உங்களுக்கு உரிமை ஆகிவிடாது; அந்தக் கடமையைச் செய்யத் தேவையானது மட்டும்தான்.

மனநல நோயாளி தன் அடிப்படைப் பதிவைப் பெறுவதற்கு 25ஆம் பிரிவு இருக்கிறது. 2018 விதிகளில் உள்ள படிவம் ஏ-யில் கேட்டால் 15 நாளில் தர வேண்டும். அவருக்குக் கடுமையான மனத் தீங்கோ பிறருக்கு ஆபத்தோ நேரும் என்றால் குறிப்பிட்ட பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்தினால், மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம் என்று அவர்களே சொல்லியாக வேண்டும்.

இனி கம்பெனி. 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் கடமையைச் சுமத்துவது சிகிச்சை தருவோர் மீது. பிரதிநிதி, மற்ற சிகிச்சையாளர்கள், பிறருக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து, நீதிமன்றம் போன்ற அமைப்புகளின் ஆணை, பொதுப் பாதுகாப்பு என்று விலக்குகளை எண்ணிச் சொல்லியிருக்கிறது. அந்த வரிசையில் முதலாளி இல்லை. எனவே ஹெச்ஆரோ கம்பெனி டாக்டரோ மருத்துவமனைக்கு போன் போட்டு "சரிபார்க்கிறோம்" என்று கேட்டால், நோய் பற்றிச் சொல்ல மருத்துவமனைக்கு அனுமதி இல்லை. சான்றிதழ் உண்மையா என்பதற்கு மட்டும் ஆம், இல்லை சொல்லலாம். இதை மருத்துவமனையிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மீறினால் 108ஆம் பிரிவில் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

கம்பெனி உங்கள் தம்பியிடம் கேட்பதை அந்தப் பிரிவு தடுக்காது. அங்கே உதவுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள். உடல், மன நிலையும் மருத்துவ வரலாறும் அதில் "உணர்திறன் மிக்க தனிப்பட்ட தகவல்". சேகரிக்கும் முன் எழுத்தில் சம்மதம் வேண்டும், சட்டபூர்வமான நோக்கத்துக்குத் தேவையாக இருக்க வேண்டும், தர மறுக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். அவர் பெயர் வெப்சைட்டில் இருக்கும், மெயிலை அவருக்கும் போடுங்கள்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. தவிர, அதில் வேலை சார்ந்த நோக்கங்களுக்குச் சம்மதமே இல்லாமல் தகவலைக் கையாள ஒரு வழி இருக்கிறது. எனவே "சம்மதம் இல்லை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். "இந்த நோக்கத்துக்கு இது தேவையில்லை, தேவையானதைக் கொடுத்துவிட்டேன்" என்பதே எப்போதும் நிற்கும் வாதம்.

மெயில் இப்படி இருக்கட்டும்: "பணிக்கு வராத நாட்களுக்கும் திரும்பும் தகுதிக்கும் மருத்துவமனைச் சான்றிதழ் இணைத்துள்ளேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுப்பு அனுமதிக்குத் தேவையற்ற மருத்துவத் தகவல் உள்ளது. சான்றிதழில் ஐயம் இருந்தால் கம்பெனி மருத்துவர் என்னை நேரில் பரிசோதிக்கலாம். தகுதி உண்டு, இல்லை என்ற முடிவை மட்டும் ஹெச்ஆருக்குத் தெரிவிக்க வேண்டும். சம்மரி கட்டாயம் என்றால் அது எந்த நோக்கத்துக்கு, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்." பெரும்பாலான இடங்களில் கடைசி வாக்கியத்துக்குப் பதில் எழுத யாரும் முன்வர மாட்டார்கள், சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள்.

மருத்துவமனை மீது புகார் என்றால் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மாவட்ட அதிகாரக் குழுவிடம் போகலாம். டெபுடி கமிஷனர் தலைமையில் இயங்குவது. டாக்டர் மீது என்றால் கர்நாடக மெடிக்கல் கவுன்சில்.

பதில் 6: ஹெல்த் டெக்

ஆபா விஷயம். முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன்: ஆபா என்பது 14 இலக்க எண். ரெக்கார்டுகள் எல்லாம் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேருவதில்லை. அவை எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே இருக்கின்றன. இன்னொருவர் பார்க்க வேண்டுமானால் அவர் ஒப்புதல் கோரிக்கை அனுப்ப வேண்டும், அது ஆப்பில் வரும், ஏற்றால்தான் தகவல் நகரும். கவுன்டரில் க்யூஆர் ஸ்கேன் செய்து டோக்கன் எடுக்கும்போது போவது பெயர், வயது, பாலினம், மொபைல், முகவரி போன்றவை மட்டும். நோய் விவரம் போகாது. ஆபா கட்டாயமும் இல்லை. அது இல்லை என்று சிகிச்சை மறுக்க முடியாது.

உங்கள் வீட்டில் உடனடியாகச் சரிசெய்ய வேண்டியது மொபைல் எண். ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது என்றால் ஒப்புதல் சாவி உங்களிடம் இருக்கிறது, தம்பியிடம் இல்லை. ஆபா ஆப்பில் ப்ரொஃபைலுக்குப் போய் தம்பியின் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். கம்பெனி கொடுத்த சிம் வேண்டாம். வேலையை விட்டால் அந்த எண் வேறொருவருக்குப் போகும். பெயர் தெரியும்படி ஆபா முகவரி (மெயில் ஐடி போன்ற பயனர் பெயர்) உருவாக்கியிருந்தால் வேறொன்று உருவாக்கிக்கொள்ளலாம், முகவரியில் உண்மைப் பெயர் இருக்க வேண்டியதில்லை. பிறகு இணைக்கப்பட்ட மருத்துவமனைகள் பட்டியலைத் திறந்து, இந்த அட்மிஷன் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள்.

சென்னை டாக்டர் கோரிக்கை அனுப்பினால் அப்படியே "ஏற்கிறேன்" தட்டாதீர்கள். உள்ளே மாற்ற முடிகிற விஷயங்கள் உண்டு: எந்த மருத்துவமனையின் ரெக்கார்டு, எந்த வகை (டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச்சீட்டு, லேப் ரிப்போர்ட்), எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஒப்புதல் எப்போது முடிய வேண்டும். பல ஆப்களில் முடிவுத் தேதி ஓர் ஆண்டுக்குப் பிறகு என்று தானாக நிரம்பி வருவதைப் பார்க்கலாம். அட்மிஷன் தேதிகளை மட்டும் போட்டு, ஒரு வாரத்தில் முடியும்படி வைத்தால் போதும். ஒப்புதலைப் பின்னால் ரத்து செய்யலாம். ஆனால் ரத்து செய்வதால் இனி எடுப்பதுதான் நிற்கும், ஏற்கெனவே எடுத்துச் சென்ற பிரதி திரும்பி வராது.

கம்பெனி வெல்னஸ் ஆப்போடு இணைக்க வேண்டாம். ஸ்டெப் கவுன்ட், பரிசுக் கூப்பன் எதற்கும் ஆபா தேவையே இல்லை. அந்த ஆப்புக்குக் காசு கொடுப்பது கம்பெனி என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஃபைல் அனுப்புவது பற்றி யாரும் சொல்லவில்லை. சென்னைக்கு வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் இரு பக்கமும் கேலரியில் சேமிப்பாகி, கிளவுட் பேக்அப்புக்கும் போய்விடும். குடும்பத்தில் பொது ஆல்பம் இருந்தால் அத்தை, மாமா போனிலும் தெரியும். பிடிஎஃப் ஆக்கி, பாஸ்வேர்ட் போட்டு மெயிலில் அனுப்பி, பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். பிறந்த தேதியையோ மொபைல் எண்ணையோ பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். இரண்டும் அந்தத் தாளின் தலைப்பிலேயே உள்ளவை. ஃபைல் பெயரில் "சைக்கியாட்ரி" என்று இருந்தால் மாற்றுங்கள், பூட்டிய ஃபைலுக்கும் பெயர் வெளியில் தெரியும்.

அல்சூர்க்காரன்

ஆபா எண் மாற்றியாயிற்று. ஒரு கடைசி சந்தேகம். போர்ட்டலில் பில்லும் இணைக்க வேண்டும் என்கிறது. மருந்துப் பெயர்களைப் போனிலேயே கறுப்பு மையால் அடித்து அப்லோட் செய்தால் போதுமா?

பதில் 7: ஹெல்த் டெக்

போதாது. போனில் உள்ள பேனா பலவற்றில் முழுக் கறுப்பு இல்லை, பிரகாசத்தைக் கூட்டினால் கீழே எழுத்து தெரியும். பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வரைந்தால் மேலே ஒரு படலம் மட்டும் விழும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் அப்படியே வரும். பிரின்ட் எடுத்து, மார்க்கரால் அடித்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்யுங்கள். மூலையில் உள்ள க்யூஆர் கோடையும் பார்கோடையும் மறக்காமல் அடிக்க வேண்டும். சில மருத்துவமனைகளில் அதை ஸ்கேன் செய்தால் ஒரிஜினல் பக்கமே திறக்கும்.

பதில் 8: கிளெய்ம் மேசை

அடிப்பதற்கு முன்பு, லீவுக்கு பில் எதற்கு என்று கேளுங்கள். லித்தியம், ஒலான்சபின் என்று மருந்துப் பெயரை அடித்தாலும் ரூம் சார்ஜ் வரியில் வார்டு பெயர், கன்சல்டேஷன் வரியில் டாக்டர் பெயர் இருக்கும். மருத்துவமனை பில்லிங் கவுன்டரில் மொத்தத் தொகை மட்டும் உள்ள பணம் கட்டிய ரசீது தனியாகக் கிடைக்கும். உள்ளே இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றால் அதைக் கொடுங்கள். இன்சூரன்சுக்குப் போகும் பில்லில் மட்டும் ஒரு எழுத்தையும் அடிக்காதீர்கள், அடித்தல் திருத்தல் இருந்தால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும்.